பெயர்ப்பலகை இல்லாத தொழில்களுக்கு ஓர் இணைய விபரக்கொத்து: வன்னியில் தொடங்கி, தேடலால் வளர்த்து, வருமானம் எடுக்கும் முறை

கிளிநொச்சி ரவுணில் சாப்பாட்டுக் கடை தேடுகிறவருக்குக் கூகுள் வரைபடமே போதும். நாளை மறுநாள் மழை என்று கேள்விப்பட்டு, தருமபுரத்தில் மூன்று ஏக்கர் நெல்லு வெட்ட மெசின் தேடுகிறவருக்கு அதே வரைபடம் கையை விரித்துவிடும். மெசின்காரருக்குக் கடை இல்லை, பெயர்ப்பலகை இல்லை. மெசின் வளவுக்குள் நிற்கும். இலக்கம் தெரிந்த நாலு பேரின் போனில் கிடக்கும். வன்னியில் ஓர் இணைய விபரக்கொத்துக்கு, அதாவது தொழில்காரரின் பெயரையும் இலக்கத்தையும் ஊர் வாரியாகக் காட்டும் தளத்துக்கு, இடம் இருப்பது இங்கேதான்.

ஆகவே மருந்தகம், வங்கி, பாடசாலை, கோயில் என்று எல்லாவற்றையும் அள்ளிப் போடும் பொதுத் தளத்தைத் தொடங்க வேண்டாம். அவற்றுக்குத் தேடல் முடிவின் மேலேயே வரைபடப் பெட்டி வந்துவிடும், உங்கள் பக்கத்தை எவரும் திறக்கமாட்டார். வீட்டில் இருந்தபடி ஊர் ஊராகப் போய்ச் செய்யும் தொழிலாகப் பாருங்கள். உழவு, அறுவடை இயந்திரம், குழாய்க் கிணறு, பெக்கோ, டிப்பர், காணி துப்பரவு, வேலி அடைப்பு, பந்தல் கதிரை வாடகை, கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வான் எல்லாம் இந்த இனம். இவற்றில் ஒன்றை, அல்லது ஒரே ஆள் தேடக்கூடிய இரண்டு மூன்றைச் சேர்த்து எடுங்கள். கமக்காரர் உழவும் தேடுவார், அறுவடையும் தேடுவார். கல்யாணப் பந்தல் அந்தப் பக்கத்தில் நின்றால் இரண்டுமே கெடும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்ற நான்கு மாவட்டத்திலும் சேர்த்து முப்பது, நாற்பது தொழில்காரர் கிடைத்தால் தொடங்கலாம். பத்துப் பேர்தான் இருக்கிறார்கள் என்றால் அதற்கு ஒரு வாட்ஸ்அப் குழு போதும், தளம் வேண்டாம்.

இனி உழவையும் அறுவடையையும் உதாரணமாக வைத்துப் பார்ப்போம்.

ஊரைப் பிரிக்கும்போதே பாதிப் பிழை நடக்கும்

பலரும் முதலில் செய்வது பிரதேச செயலகப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு பக்கம் உருவாக்குவது. கிளிநொச்சியில் 4, முல்லைத்தீவில் 6, வவுனியாவில் 4, மன்னாரில் 5 என்று மொத்தம் 19 பிரிவு. பத்துச் சேவையைப் போட்டுப் பெருக்கினால் 190 பக்கம். பார்க்க வடிவாக இருக்கும். 150 பக்கத்தில் ஒரு பெயர்கூட இராது. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி மாற்றி அச்சடித்த வெறும் பக்கங்களைக் கூகுள் வாசல் பக்கங்கள் என்று ஒதுக்குகிறது. கணக்கில்லாமல் உற்பத்தி செய்யும் உள்ளடக்கத்தின் மேல் 2024 மார்ச்சில் விதியை இன்னும் இறுக்கியது. வெறும் பக்கங்கள் தாங்களும் ஏறாமல், பெயர் உள்ள நல்ல பக்கங்களையும் இழுத்து விழுத்தும்.

இதைவிட அடிப்படையான பிழை ஒன்று உண்டு. செயலகப் பெயரைச் சொல்லி எவரும் தேடுவதில்லை. கரைதுறைப்பற்று என்று தட்டுபவர் அலுவலகக் கடிதம் எழுதுபவராக இருப்பார். உழவு வேண்டியவர் முள்ளியவளை என்றோ முல்லைத்தீவு என்றோதான் தட்டுவார். மாந்தை என்ற பெயர் இன்னும் சிக்கல்: மாந்தை கிழக்கு முல்லைத்தீவு மாவட்டம், மாந்தை மேற்கு மன்னார் மாவட்டம். வெறும் 'மாந்தை' என்று பக்கம் போட்டால் மன்னார்காரரின் அழைப்பு மல்லாவிப் பக்கத்து மெசினுக்குப் போகும்.

மாவட்ட எல்லையும் தொழிலுக்குப் பொருந்தாது. தருமபுரம் கிளிநொச்சி மாவட்டம், அடுத்து வரும் விசுவமடு முல்லைத்தீவு மாவட்டம், இரண்டும் பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் ஒட்டி இருக்கும் ஊர்கள். தருமபுரத்து மெசின் விசுவமடு வயலில் இறங்குவது அன்றாடம். ஆகவே ஒவ்வொரு தொழில்காரருக்கும் 'எங்கே இருக்கிறார்' என்று ஒரு நிரல், 'எங்கெல்லாம் போவார்' என்று இன்னொரு நிரல் வையுங்கள். ஊர்ப் பக்கத்தை உருவாக்குவது இரண்டாவது நிரல். வீதியை வைத்துக் கேட்டால் பதில் சுத்தமாக வரும்: ஏ9 வீதியில் ஓமந்தையிலிருந்து மாங்குளம் வரையா, மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் பக்கமா, பூநகரி–மன்னார் வீதியில் முழங்காவில் வரையா? 'எல்லா இடமும் போவன்' என்ற பதிலை ஏற்க வேண்டாம். அப்படிச் சொன்னவர் இருபது கிலோமீற்றருக்கு அப்பால் இருந்து அழைப்பு வந்தால் டீசல் கணக்குப் பார்த்து மறுப்பார், திட்டு உங்களுக்கு வரும்.

ஓர் ஊர்ப் பக்கத்துக்குக் குறைந்தது மூன்று பெயர் சேர்ந்த பிறகே அதை வெளியிடுங்கள். அதுவரை அந்தப் பெயர்கள் மாவட்டப் பக்கத்தில் நிற்கட்டும். முதல் வருடத்தில் 15 முதல் 25 பக்கம் தாராளம்.

தரவு எடுப்பது

கூகுள் ஷீட் ஒன்று போதும். பெயர், அழைப்பு இலக்கம், வாட்ஸ்அப் அல்லது வைபர் இலக்கம் (பல நேரம் இவை வேறு வேறு), போகும் ஊர்கள், இயந்திரத்தின் வகை, விலை அளக்கும் அலகு, வேலை செய்யும் மாதங்கள், சம்மதம் தந்த திகதி, கடைசியாகச் சரிபார்த்த திகதி. அடையாள அட்டை இலக்கமும் வீட்டு முகவரியும் எடுக்கவே வேண்டாம். உங்களுக்கு ஒரு பயனும் இல்லை, வைத்திருந்தால் பொறுப்பு மட்டும்தான் மிஞ்சும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் மனதில் வையுங்கள். சம்மதத்துக்குப் படிவம் நிரப்பச் சொல்லி வயல்காரரை வதைக்கத் தேவையில்லை. 'என்ர இலக்கத்தைப் போடுங்கோ' என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வாங்கிப் பத்திரப்படுத்தினால் போதும்.

இயந்திர வகை நிரலில் சோம்பல் காட்டினால் தளம் வெறும் இலக்கப் பட்டியலாகிவிடும். உழவுக்கு வருபவர் வைத்திருப்பது இரண்டு சில்லு லாண்ட்மாஸ்டரா, நாலு சில்லு ட்ராக்டரா? கலப்பையா, ரொட்டவேற்றரா? சேற்று உழவும் செய்வாரா, புழுதி உழவு மட்டுமா? அறுவடை மெசின் என்றால், ஈரம் காயாத வயலில் இறங்குமா என்பதுதான் கமக்காரரின் முதல் கேள்வி. றப்பர் செயினில் ஓடுவதா டயரில் ஓடுவதா என்று எழுதிவிட்டால் அவருக்குப் பாதி விடை கிடைத்துவிடும். நெல்லை ஏற்றப் பெட்டியும் கூட வருமா, சாக்கும் ஆளும் யாருடைய பொறுப்பு? இந்த விபரம் எந்த வரைபடத்திலும் கிடையாது. தேடி வருபவர் திரும்பியும் வருவது இதற்காகத்தான்.

விலையில் கவனம். எண்ணைப் போட்டால் டீசல் விலை மாறிய மறுநாளே அது பொய்யாகிவிடும். தொழில்காரரும் அடுத்தவர் பார்ப்பார் என்று குறைத்தோ கூட்டியோ சொல்வார். அலகை மட்டும் கட்டாயம் போடுங்கள். உழவு ஏக்கருக்கு, மெசின் ஏக்கருக்கா மணித்தியாலத்துக்கா, குழாய்க் கிணறு அடிக்கு, மணலும் கிரவலும் கியூப்புக்கு, அதாவது நூறு கன அடிக்கு. ஈர வயலுக்கு மணித்தியாலக் கணக்கில் வந்து, சேற்றில் இறுகி நின்ற நேரத்துக்கும் காசு கேட்டதால் வரும் சண்டைகள் ஊருக்கே தெரிந்தவை. மணல் ஏற்றும் டிப்பரைச் சேர்ப்பதானால் அனுமதிப்பத்திரம் காட்டுபவரை மட்டும் சேருங்கள்.

இலக்கம் செத்துப்போவதுதான் இந்தத் தொழிலின் நிரந்தர நோய். சிம் மாற்றுவார்கள், மெசினை விற்பார்கள், சாரதி மாறுவார். மாரி மழையை நம்பிச் செய்யும் காலபோக உழவுக்கு முன் ஆவணியிலும், அறுவடைக்கு முன் மார்கழியிலும் எல்லா இலக்கத்துக்கும் ஒரு முறை அழையுங்கள். வெவ்வேறு நாளில் இரண்டு தடவை எடுத்தும் பதில் இல்லையென்றால் பெயரை மறையுங்கள். ஒவ்வொரு பெயருக்குக் கீழும் 'சரிபார்த்தது: 12 மார்கழி' என்று தெரியப் போடுங்கள். நட்சத்திர மதிப்பீடு வேண்டாம். எல்லாரும் எல்லாருக்கும் சொந்தமான ஊரில் ஐந்துக்கு ஐந்து போடுபவர் மச்சானாக இருப்பார், ஒன்று போடுபவர் வேலிச் சண்டைக்காரராக இருப்பார்.

எழுத்தும் எழுத்துருவும்

அச்சகங்களிலும் சங்கங்களிலும் கிடைக்கும் பட்டியல்கள் பெரும்பாலும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியவை. ஷீட்டில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பை போலத் தெரியும். எழுத்துருவை மாற்றித் தமிழாகக் காட்டினாலும் கூகுளுக்கு அது குப்பைதான். மாற்றியைக் கொண்டு யூனிகோடுக்கு மாற்றி, பிறகு கண்ணால் ஒருமுறை வாசியுங்கள். மாற்றிகள் ணகர னகரத்திலும் ஒற்றெழுத்திலும் அவ்வப்போது சறுக்கும்.

யூனிகோடுக்குள்ளும் ஒரு பொறி உண்டு. 'நொ' என்பதில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் அரவும் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு இரண்டு சொல். ஷீட்டில் கிளிநொச்சியை வடிகட்டினால் பாதிப் பேர் காணாமல் போவது இதனால்தான். எல்லாத் தரவையும் 'என்எஃப்சி' என்ற ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

பக்க முகவரியைத் தமிழில் வைக்க ஆசை வரும். வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் சதவீதக் குறி போட்ட ஒன்பது எழுத்தாக விரியும். கிளிநொச்சி என்ற ஒரு சொல்லே 90 எழுத்து. நீண்டு கிடக்கும் அந்தச் சங்கிலியை வைரஸ் என்று நினைத்து அழிப்பவர்கள் இருக்கிறார்கள். முகவரியை ஆங்கில எழுத்தில் குறுக்கி வையுங்கள், தலைப்பையும் உள்ளடக்கத்தையும் தமிழில் வையுங்கள். டொமைனுக்கு டொட் எல்கே எடுத்தால் எந்த நாட்டுத் தளம் என்பது சொல்லாமலே தெரியும். டொட் இலங்கை என்று தமிழிலேயே முடியும் முகவரியும் உண்டு, ஆனால் அதைப் பிரதானமாக வைக்காமல் மற்றதற்குத் திருப்பிவிடுங்கள்.

தளத்தைக் கட்டுவது

இதில் அதிக நேரம் செலவழிக்க ஒன்றும் இல்லை. தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸ் தெரிந்தால் அதில் ஜியோடிரக்டரி, ஹைவ்பிரஸ், டிரக்டரிஸ்ட் என்று விபரக்கொத்துக்கென்றே செருகுநிரல்கள் இருக்கின்றன. ஆனால் அவை பாரமானவை. நாற்பது பெயருக்கு வரைபடமும் வடிகட்டியும் உறுப்பினர் நுழைவும் தேவையே இல்லை. ஷீட்டிலிருந்து எளிய பக்கங்களை உருவாக்கினால் மெல்லிய சிக்னலிலும் திறக்கும். அழைக்கும் பொத்தான் பெரிதாக, ஒவ்வொரு பெயருக்கும் நேராக இருக்க வேண்டும். இலக்கத்தின் முன்னால் உள்ள சைபரை எடுத்துவிட்டு +94 போடுங்கள். அப்போதுதான் கனடாவில் இருந்து அழுத்தினாலும் அழைப்பு போகும். வாட்ஸ்அப் இணைப்பில் கூட்டல் குறியும் வேண்டாம், 94 இல் தொடங்கினால் சரி.

அந்த வாட்ஸ்அப் இணைப்புக்குள் ஒரு வசனத்தை முன்கூட்டியே எழுதி வையுங்கள்: 'உங்கட இலக்கத்தை இன்ன தளத்தில் பார்த்தனான், நெல்லு வெட்ட வேணும், இடம்: ' என்று. தேடுபவருக்கு எழுதும் வேலை குறையும். தொழில்காரரின் போனிலோ, இந்த வேலை எங்கிருந்து வந்தது என்பதற்குச் சாட்சி விழும். பிறகு காசு கேட்கப் போகும்போது இந்தச் சாட்சியின் அருமை தெரியும்.

பக்கம் எதைப் பற்றியது என்று கூகுளுக்குச் சொல்லப் பக்கத்துக்குள் இடும் குறியீட்டில், 'லோக்கல் பிசினஸ்' வகைக்கு முகவரி கட்டாயம். வீட்டு முகவரியைப் போட முடியாதென்பதால் அதை விட்டு, 'சேர்விஸ்' வகையையும் 'ஏரியா சேர்வ்ட்' என்ற புலத்தையும் பயன்படுத்துங்கள். இதனால் தேடலில் ஜாலம் ஒன்றும் நடக்காது.

தேடலுக்கு எழுதுவது

தேடல் அளவைக் காட்டும் கருவிகள் இங்கே கைகொடுக்காது. கீவேர்ட் பிளானரும் கூகுள் ட்ரெண்ட்ஸும் வன்னி ஊர்ச் சொற்களுக்குப் பெரும்பாலும் வெறுமையைக் காட்டும். வெறுமை என்றால் தேடுவோர் இல்லை என்று பொருளல்ல, கருவியின் கண்ணுக்கு எட்டவில்லை என்றுதான் பொருள். போனில் கூகுளைத் திறந்து 'கிளிநொச்சி உழவு' என்று பாதி தட்டி, கீழே என்ன நீட்டுகிறது என்று பாருங்கள். தமிழில் தட்டியும், ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டியும், முழு ஆங்கிலத்திலும் பாருங்கள். ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதுவோர் ஆளுக்கொரு விதம். முல்லைத்தீவுக்கு மட்டும் மூன்று நாலு எழுத்துக்கூட்டல் உண்டு. அவற்றுக்குத் தனித்தனிப் பக்கம் போட வேண்டாம், கூகுள் பெரும்பாலும் சேர்த்துப் புரிந்துகொள்ளும். தமிழில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம், இரண்டையும் ஒன்றோடொன்று இணைத்தால் போதும்.

இன்னொரு போட்டி தமிழ்நாட்டுப் பக்கங்கள். 'டிராக்டர் வாடகை' என்று எழுதினால் சேலத்தோடும் தஞ்சாவூரோடும் மோத வேண்டிவரும். 'உழவு இயந்திரம்', 'லாண்ட்மாஸ்டர்', 'காலபோகம்', 'பெக்கோ', 'குழாய்க் கிணறு', 'காணி' என்ற நம்முடைய சொற்களைத் தலைப்பிலேயே வைத்தால் அந்த மோதலில் பெரும்பகுதி தானாகவே ஒழியும். தமிழ் எழுத்து அகலமானது, தலைப்பு சீக்கிரம் வெட்டுப்படும். ஆகவே ஊரும் சேவையும் முன்னால். 'கிளிநொச்சியில் நெல்லு வெட்டும் மெசின்: 9 பேர், ஈர வயலுக்கும்' என்பது போல.

பட்டியலுக்கு மேலே கட்டுரை எழுத வேண்டாம், அழைக்க வந்தவர் உருட்டிக் களைப்பார். பட்டியலுக்குக் கீழே, அந்த ஊருக்கு மட்டும் பொருந்தும் நாலைந்து பத்தி எழுதுங்கள்: எந்தக் குளத்தின் கீழ் வயல், எப்போது மெசின் தட்டுப்பாடு வரும், எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். வேறு ஊர்ப் பெயரைப் போட்டாலும் அந்தப் பத்தி பொருந்துகிறதென்றால் அழித்துவிடுங்கள்.

பருவம் பிழைத்தால் உழைப்பு வீண். காலபோக நெல் தை முதல் பங்குனி வரை வெட்டுப்படும். புதுப் பக்கம் ஒன்று தேடலில் நிலைகொள்ள மாதங்கள் பிடிக்கும் என்பதால், அறுவடைப் பக்கம் புரட்டாதியிலேயே வெளியே வந்திருக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் அதே முகவரியைப் புதுப்பியுங்கள். ஆண்டை முகவரிக்குள் போட்டுப் புதுப் பக்கம் திறந்தால் சென்ற ஆண்டு சம்பாதித்த இடம் போய்விடும். சிறுபோகம் குளத்து நீரைப் பொறுத்தது. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, கட்டுக்கரை என்று அந்தந்தக் குளத்துக்குப் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடந்து, எத்தனை ஏக்கர், எப்போது தண்ணீர் என்று முடிவானவுடன் அந்தத் திகதியைப் பக்கத்தில் போடுங்கள். உழவுத் தேடல் ஏறுவதும் அதை ஒட்டித்தான்.

மற்றத் தளங்கள் உங்கள் தளத்துக்குத் தரும் வெளி இணைப்புக்கு, புலம்பெயர்ந்தவர்கள் நடத்தும் ஊர்ச் சங்கத் தளங்களையும் பாடசாலைப் பழைய மாணவர் தளங்களையும் கேளுங்கள். காசுக்கு இணைப்பு வாங்காதீர்கள். நீங்கள் காசு வாங்கிக்கொண்டு வெளியே கொடுக்கும் இணைப்புக்கும் 'ஸ்பொன்சர்ட்' என்ற அடையாளம் இட வேண்டும்.

உங்கள் பக்கங்கள் தேடலில் எப்படி நிற்கின்றன என்று கூகுளே காட்டும் சேர்ச் கொன்சோலை மாதம் இருமுறை பார்த்தால் போதும். 'ஊர்ந்து பார்த்தது, சேர்க்கவில்லை' என்ற பட்டியலில் உங்கள் ஊர்ப் பக்கங்கள் குவிந்தால் அவை வெறுமையாக இருக்கின்றன என்று அர்த்தம். பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுங்கள். எட்டாம் இடத்துக்கும் இருபதாம் இடத்துக்கும் நடுவில் நிற்கும் சொற்களை எடுத்து, அந்தக் கேள்விக்கு நேரான பதில் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அழைப்புப் பொத்தானின் அழுத்தத்தை, தளத்துக்கு வருவோரை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸ் தானாக எண்ணாது. கூகுளின் இன்னொரு கருவியான டேக் மனேஜரில், தொலைபேசி இணைப்பை அழுத்தினால் பதியும்படி ஒரு விதி போட வேண்டும். பார்வை எண்ணிக்கை பார்த்து ஒரு மெசின்காரரும் காசு தரமாட்டார். 'தையில் உங்கட இலக்கத்தை 41 தரம் அழுத்தியிருக்கினம்' என்பது அவருக்குப் புரியும்.

காசு

கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் 2018 முதல் தமிழ்ப் பக்கங்களையும் ஏற்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: மாதம் 3,000 பார்வை, ஆயிரத்துக்கு ஒரு டாலர் என்று வைத்துக்கொண்டால் மாதம் 3 டாலர். அவர்கள் காசு அனுப்பும் குறைந்த தொகை 100 டாலர். அதைத் தொட 34 மாதம். பார்ப்பவர் இருக்கும் நாட்டைப் பொறுத்து விளம்பர விலை மாறும் என்பதால் கனடா, லண்டன், சுவிஸ் பார்வைகள் கொஞ்சம் உயர்த்தும், அவ்வளவுதான். மேலதிகமாக, உங்கள் அழைப்புப் பொத்தானுக்கு மேலே இன்னொருவரின் விளம்பரம் வந்து உட்காரும். போடுவதானால் பட்டியலுக்குக் கீழே, இரண்டாம் வருடம் போடுங்கள். 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்கும் இலக்கம் தபாலில் வரும். கிராமத்து முகவரியில் தபாலகத்தின் பெயரைச் சரியாக எழுதாவிட்டால் அது வந்து சேராது.

உண்மையான காசு தொழில்காரரிடமும், அந்தத் தொழிலைச் சுற்றி வியாபாரம் செய்பவரிடமும்தான் இருக்கிறது. முதல் போகம் முழுக்க எல்லாருக்கும் இலவசம். அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் பங்குனியில், அழைப்பு எண்ணிக்கையோடு போய்ப் பேசுங்கள். ஐப்பசியில் போனால் டீசலுக்கும் திருத்த வேலைக்கும் கடன் வாங்கிக்கொண்டு நிற்பார். மாதக் கட்டணம் வேண்டாம். அறவிடப் போகும் பெற்றோல் செலவே அதைத் தின்னும். போகத்துக்கு ஒரு தடவை, அல்லது வருடத்துக்கு ஒரு தடவை. ஒரு வேலையில் அவர் கைக்கு மிஞ்சும் இலாபத்தின் பாதிக்கு மேல் கேட்காதீர்கள். குழாய்க் கிணற்றுக்காரருக்கு அந்தப் பாதி பெரிய தொகை, லாண்ட்மாஸ்டர்காரருக்குச் சின்னத் தொகை. ஒரே கட்டணப் பட்டியலை இருவருக்கும் நீட்டினால் ஒருவர் ஓடுவார், மற்றவரிடம் நீங்கள் இழப்பீர்கள்.

விற்பது மேல் இடத்தை. ஓர் ஊர்ப் பக்கத்தில் ஓர் இடம், கூடினால் இரண்டு. 'விளம்பரம்' என்று தெளிவாக எழுதி. இலவசப் பெயர்களை நீக்கிவிட்டுக் காசு தந்தவரை மட்டும் காட்டினால் பட்டியல் மூன்று பெயராகச் சுருங்கும், தேடலும் அத்தோடு போகும். உதிரிப்பாகக் கடை, விவசாய மருந்துக் கடை, டயர்க் கடை இவற்றுக்கு மாவட்டப் பக்கத்தில் பதாகை விற்கலாம். பற்றுச்சீட்டு கேட்பார்கள், ஆகவே பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்துவிட்டுப் போங்கள்.

புலம்பெயர்ந்தவரின் தேடல் வேறு வகை. காணி துப்பரவு, வேலி, ஆடியில் ஊருக்கு வரும்போது வான். அவர்கள் ஆங்கிலத்தில்தான் அதிகம் தேடுவார்கள், வைபரில் பேசுவார்கள், வேலை முடிந்த படம் கேட்பார்கள். படம் அனுப்பக்கூடிய தொழில்காரரை அப்படியே குறித்து வையுங்கள். அவர்களிடம் சற்றுக் கூடுதலாகக் கேட்பதில் தப்பில்லை. ஆனால் வெளிநாட்டுக் காசு உங்கள் வங்கிக் கணக்கினூடாகப் போக விடாதீர்கள். வேலி அரைகுறையாக நின்றால், வேலிக்காரரை விட்டுவிட்டு உங்களைத்தான் கேட்பார்கள்.

காசு வாங்கிய பிறகு மெசின் உடைந்து போகத்தின் நடுவில் நின்றுவிட்டால், மேல் இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டு, மிச்ச நாளை அடுத்த போகத்தில் ஈடு செய்யுங்கள். இதைக் காசு வாங்கும் அன்றே வாய்விட்டுச் சொல்லி, வாட்ஸ்அப்பிலும் ஒரு வரி எழுதி அனுப்பிவிடுங்கள்.